புது டிவியில் புல் ஏன் மங்குகிறது? 4கே, அப்ஸ்கேலிங் பற்றி ஓர் எளிய விளக்கம்

போன ஐபிஎல் சமயத்தில் வில்லிவாக்கத்தில் சித்தப்பா வீட்டுக்கு 55 அங்குல 4கே டிவி வந்தது. பழைய 32 அங்குல டிவி உள் அறைக்குப் போனது. அன்று சேப்பாக்கத்தில் ஆட்டம். ஹால் நிறைய ஆட்கள். மூன்றாவது ஓவர் முடிவதற்குள் சித்தப்பா என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏம்ப்பா, இதைக் கொஞ்சம் பாரு. புல்லெல்லாம் பச்சைப் பெயின்ட் ஊத்தின மாதிரி இருக்கு. பழைய டிவியே தேவலையே?"

உள் அறையில் அதே சேனலைப் போட்டுப் பார்த்தோம். அவர் சொன்னது சரிதான். சின்ன டிவியில் பந்து வீசுபவரின் முகம் தெளிவாக இருந்தது. பெரிய டிவியில் அதே முகம் கண்ணாடிக் காகிதம் வழியாகப் பார்ப்பதுபோல இருந்தது. டிவி வாங்கிய கடையில், "4கே டிவி, 4கே செட்டாப் பாக்ஸ் ரெண்டும் இருக்கு, இனிமே உங்களுக்கு எல்லாமே 4கேதான் சார்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை விஷயங்கள் விட்டுப்போயின என்று சித்தப்பாவுக்கு அன்று இரவு உட்கார்ந்து விளக்கினேன். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். ஏனென்றால் இதே கோபம் சென்னையில் நிறைய வீடுகளில் இருக்கிறது. பணம் கொடுத்தவர்களுக்கு என்ன வாங்கினோம் என்று தெரிய வேண்டும்.

முதலில் புள்ளிக் கணக்கு. டிவித் திரை முழுக்கப் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொன்றையும் பிக்சல் என்கிறோம். பழைய எஸ்டி சேனலில் ஒரு படத்துக்கு 720-க்கு 576 என்ற கணக்கில் 4,14,720 புள்ளிகள். ஃபுல் எச்டியில் 1920-க்கு 1080, அதாவது 20,73,600. 4கே என்றும் அல்ட்ரா எச்டி என்றும் சொல்வது 3840-க்கு 2160. பெருக்கினால் 82,94,400 வரும். எச்டியைப் போல நான்கு மடங்கு, எஸ்டியைப் போலச் சரியாக இருபது மடங்கு.

இப்போது ஒன்றை யோசியுங்கள். 4கே டிவியில் அந்த 82 லட்சத்துச் சொச்சம் புள்ளிகளும் எப்போதும் இருக்கின்றன. எந்தச் சேனலைப் போட்டாலும் அத்தனைக்கும் ஒரு நிறம் கொடுத்தாக வேண்டும். ஆனால் எஸ்டி சேனலிலிருந்து நாலு லட்சம் புள்ளிகளுக்குத்தான் தகவல் வருகிறது. மீதியை யார் தருவது? டிவியேதான். பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து, "இதுவும் பச்சை, அதுவும் பச்சை, அப்போ நடுவிலும் பச்சையாகத்தான் இருக்கும்" என்று ஊகித்து நிரப்புகிறது. இந்த நிரப்பும் வேலைக்குப் பெயர்தான் அப்ஸ்கேலிங். எஸ்டி சேனலை 4கே திரையில் பார்க்கும்போது இருபது புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் ஒளிபரப்பில் தகவல் இருக்கிறது, பத்தொன்பது டிவியின் ஊகம். எச்டி சேனல் என்றால் நாலில் ஒன்று நிஜம், மூன்று ஊகம்.

காதுகுத்துக்கோ கல்யாணத்துக்கோ ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கப் போனவர்களுக்கு இது நன்றாகப் புரியும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைக் கொடுத்தால் கடைக்காரர், "ஒரிஜினல் இருந்தா டாகுமென்ட்டா அனுப்புங்கண்ணே" என்பார். இல்லை என்று சொல்லி அதையே அடிக்கச் சொன்னால், பத்தடி பேனரில் பாட்டியின் முகம் மெழுகு பூசியதுபோல வரும். இதில் அச்சு மெஷின் மேல் குறை சொல்ல முடியாது. பத்தடிக்கும் அது மை போட்டுவிட்டது. மூக்குத்திக் கல் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்ற தகவல் அந்தப் போட்டோவில் இல்லை, அவ்வளவுதான்.

சித்தப்பா வீட்டில் நடந்ததும் இதுவே. அவர் போட்டிருந்தது எஸ்டி பேக். சின்ன டிவியில் அந்த நாலு லட்சம் புள்ளிகள் நெருக்கமாக உட்கார்ந்திருந்ததால், எட்டடி தள்ளி உட்கார்ந்தால் குறை கண்ணுக்குத் தெரியவில்லை. அதையே 55 அங்குலத்துக்கு இழுத்து விரித்ததும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பெரிய டிவி வாங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, பார்க்கிற சேனலையாவது எச்டிக்கு மாற்றுவது. இதைக் கடைக்காரர்கள் ஏன் முதலிலேயே சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சரி, எச்டிக்கு மாறிவிட்டோம், அப்புறமும் கிரிக்கெட் முழுத் தெளிவாக இல்லையே, ஏன்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. செய்தி வாசிப்பவரின் முகமும் பின்னால் இருக்கும் சுவரும் அதிகம் மாறுவதில்லை. ஊகம் அங்கே நன்றாகவே வேலை செய்யும். எழுத்துகள், கட்டடங்கள், நேர்கோடுகள் இவற்றையும் இப்போதைய டிவிகள் அழகாகப் பெரிதாக்குகின்றன. ஆனால் புல்லுக்கு ஒழுங்கான வடிவம் கிடையாது. கேலரியில் உட்கார்ந்திருக்கும் மஞ்சள் ஜெர்சிக் கூட்டத்துக்கும் கிடையாது. பந்தோ ஓரிடத்தில் நிற்பதே இல்லை.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் பந்து வீசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்குக் கிட்டத்தட்ட 39 மீட்டர். ஐம்பதில் ஒரு நொடியில் அந்தப் பந்து 78 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு பேட்டின் நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் எச்டி விளையாட்டுச் சேனல்கள் பெரும்பாலும் 1080ஐ என்ற முறையில் வருகின்றன. அந்த 'ஐ' இன்டர்லேஸ்டு என்பதைக் குறிக்கும். இடத்தை மிச்சப்படுத்த, படத்தை முழுசாக அனுப்பாமல் பாதி பாதியாக அனுப்புவார்கள். முதலில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை வரிகள், ஐம்பதில் ஒரு நொடி கழித்து 2, 4, 6 என்று இரட்டைப்படை வரிகள். டிவி இரண்டையும் கோத்து ஒரே படமாக்க வேண்டும். அசையாத பொருளுக்குப் பிரச்சினை இல்லை. பந்து மட்டும் முதல் பாதிக்கும் அடுத்த பாதிக்கும் நடுவில் 78 சென்டிமீட்டர் நகர்ந்து போயிருக்கிறதே! அதனால் டிவி முதலில் இந்த இரண்டு பாதிகளையும் ஊகித்துச் சேர்த்து, பிறகு அதன் மேல் இன்னொரு ஊகமாகப் பெரிதாக்குகிறது. பந்துக்குப் பின்னால் வால் முளைப்பதும், மட்டையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரிவதும் இப்படித்தான். உண்மையான 4கே விளையாட்டு ஒளிபரப்பில் நொடிக்கு 50 அல்லது 60 முழுப் படங்கள் வரும், பாதிப் படம் கிடையாது. என்னைக் கேட்டால், 4கேயில் புள்ளி எண்ணிக்கையைவிட இதுதான் பெரிய லாபம்.

அடுத்தது சுருக்குதல். கேமராவிலிருந்து வரும் 4கே படத்தை அப்படியே அனுப்ப வேண்டுமென்றால் நொடிக்கு எட்டு ஜிகாபிட்டுக்கு மேல் வேண்டும். செயற்கைக்கோளில் அதற்கு இடமே கிடையாது. எச்இவிசி என்ற சுருக்கும் முறையைக் கொண்டு ஏறக்குறைய 25, 30 மெகாபிட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அதாவது முந்நூறில் ஒரு பங்கு. செயற்கைக்கோளில் டிரான்ஸ்பாண்டர் என்று ஒன்று உண்டு, கீழிருந்து வரும் சேனல்களை வாங்கித் திரும்ப நம் டிஷ்ஷுக்கு அனுப்பும் கருவி. அதைத் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரு டிரான்ஸ்பாண்டரில் நொடிக்குச் சுமார் 50 மெகாபிட் போகும் என்றால், இரண்டு 4கே சேனலோடு லாரி காலி. அதே தண்ணீரில் இருபதுக்கும் மேற்பட்ட எஸ்டி குடங்களை நிரப்பலாம். சந்தாதாரர்களில் மிகச் சிலரே கேட்கும் 4கேக்கு அவ்வளவு தண்ணீரையும் ஊற்ற எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது. 2022 ஜூனில் தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் ஏவப்பட்ட ஜிசாட்-24 முழுவதும் டிடிஎச் சேவைக்காகவே டாடா பிளேக்குக் குத்தகைக்குப் போனது. அப்படி ஒரு செயற்கைக்கோளில்கூட கேயூ பேண்டில், அதாவது டிடிஎச் பயன்படுத்தும் அலைவரிசையில், 24 டிரான்ஸ்பாண்டர்கள்தான். வானத்தில் இடம் அவ்வளவு அருமை.

குடம் நிறையாமல் வந்தால் என்ன ஆகும்? ஒரு ஃபோர் போகும்போது கேமரா பந்தைத் துரத்திக்கொண்டு வேகமாகத் திரும்பும் இடத்தைக் கவனியுங்கள். எச்டி சேனல்களில் பரவலாக இருக்கும் எம்பெக்-4 முறை, படத்தை 16-க்கு 16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. கேமரா திரும்பும்போது எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் கொடுக்கத் தண்ணீர் இல்லை. அதனால் முதலில் புல்லின் நுணுக்கத்தைத் துடைத்து எறிந்துவிடுகிறது. பந்து எல்லைக் கோட்டைத் தொட்டு, கேமரா நின்றதும் ஒரு நொடிக்குள் புல் மெல்லத் திரும்பி வரும். ஒருமுறை இதைக் கவனித்துவிட்டால் பிறகு கண்ணுக்குத் தப்பவே தப்பாது. சித்தப்பா சொன்ன பச்சைப் பெயின்டில் பாதி இதுதான். துடைத்து எறியப்பட்ட புல்லை எந்த அப்ஸ்கேலிங்காலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இதனால்தான் நல்ல தண்ணீர் ஊற்றிய எச்டி, வறண்ட 4கேயைவிட நன்றாக இருக்கும் என்று நான் அடித்துச் சொல்வேன். இதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. 2020 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் ஆட்டத்தை, அதாவது அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியை, ஃபாக்ஸ் டிவி நிறுவனம் 4கே எச்டிஆரில் தந்தது (எச்டிஆர் என்ன என்று அடுத்த பத்தியில் சொல்கிறேன்). உண்மையில் ஆட்டத்தை 1080பி எச்டிஆரில் தயாரித்து ('பி' என்றால் பாதி பாதியாக இல்லாமல் முழுப் படம்), அதை 4கேக்கு அப்ஸ்கேல் செய்துதான் அனுப்பினார்கள். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஃபாக்ஸ் வழக்கமாக ஒளிபரப்புவது 720பி. அதிலிருந்து முழு 1080 வரிகளும் நொடிக்கு 60 முழுப் படங்களும் எச்டிஆரும் என்று போனது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் 4கே என்ற முத்திரையை நம்பி உட்கார்ந்தவருக்கு, "இது நிஜ 4கே இல்லையா?" என்ற ஏமாற்றம் வருவது நியாயமே. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

எச்டிஆர் என்றால் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையிலான வித்தியாசத்தை அதிகமாகக் காட்டும் முறை. பகல் ஆட்டத்தில் கேலரியின் நிழல் மைதானத்தில் பாதி விழுந்திருக்கும்போது, சாதாரண ஒளிபரப்பில் வெயில் பக்கம் வெளுத்துப்போகும், அல்லது நிழல் பக்கம் இருண்டுபோகும். எச்டிஆரில் இரண்டு பக்கமும் தெரியும். இதற்கு 4கே அவசியமில்லை, எச்டியிலேயே செய்யலாம்.

கேமரா பக்கமும் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு ஆட்டத்தை 4கேயில் எடுப்பதாகச் சொன்னாலும் மைதானத்தின் எல்லாக் கேமராக்களும் 4கேயாக இருக்க வேண்டியதில்லை. ஸ்டம்புக்குள் இருக்கும் குட்டிக் கேமராவின் படம், சூப்பர் ஸ்லோமோஷன் ரீப்ளே, பழைய ஆட்டங்களின் காட்சி இவையெல்லாம் பெரும்பாலும் மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஒளிபரப்பு வண்டியான ஓபி வேனிலேயே பெரிதாக்கப்பட்டுத்தான் கலக்கின்றன. அதனால் நல்ல 4கே ஒளிபரப்பிலும் ரீப்ளே வரும்போது படம் கொஞ்சம் மென்மையாகலாம். டிவி கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

நம் நாட்டில் டிவியின் ஒவ்வொரு பெரிய தாவலும் விளையாட்டைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டோடு கலர் வந்தது. 2010 காமன்வெல்த் போட்டியைத் தூர்தர்ஷன் எச்டியில் காட்டியது. 2015 கிரிக்கெட் உலகக் கோப்பையின் சில ஆட்டங்கள் டிடிஎச் வழியாகவே 4கேயில் வந்தன. கலரும் எச்டியும் வீட்டுக்கு வீடு பரவின. டிஷ் வழி 4கே மட்டும் அப்படிப் பரவவில்லை. அந்த லாரிக் கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது.

இங்கேதான் '4கே செட்டாப் பாக்ஸ்' என்ற பெயர் குழப்புகிறது. அந்தப் பெட்டியால் 4கே படத்தை டிவிக்கு அனுப்ப முடியும் என்பதுதான் அதற்கு அர்த்தம். டிஷ்ஷில் வரும் சேனல் 4கே என்று அர்த்தமில்லை. பெட்டியை 2160பி என்று செட் செய்தால், எஸ்டி சேனலைக்கூட அதுவே பெரிதாக்கி அனுப்பும். ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் டிவியும் '3840 x 2160' என்று காட்டும். சித்தப்பா அதைக் காட்டித்தான், "4கேன்னு போட்டிருக்கே" என்றார். கேபிள் வழியாக வந்து சேர்ந்த அளவை மட்டுமே டிவி சொல்கிறது. கேமராவில் என்ன எடுத்தார்கள் என்பது அதற்குத் தெரியாது.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசி கார்த்திகையில் நம் ஊரில் வெளுத்து வாங்கும்போது கேயூ பேண்டு சிக்னல் பலவீனமாகி படம் நின்று நின்று வரும், கட்டம் கட்டமாக உடையும், கடைசியில் போயே போய்விடும். ஆனால் டிஜிட்டல் சிக்னல் மழையில் மங்கலாகாது. படம் தெளிவாக இல்லை என்று ஆளை வரவழைத்து, மொட்டை மாடியில் டிஷ்ஷைத் திருப்பச் சொல்லிக் காசு கொடுப்பது வீண். சிக்னல் 70 சதவீதத்திலிருந்து 90 ஆனாலும் புல் ஒரு இழைகூடக் கூடுதலாகத் தெரியாது.

உட்காரும் தூரமும் முக்கியம். 55 அங்குல டிவியின் உயரம் சுமார் 68 சென்டிமீட்டர். சாதாரணக் கண்ணுக்கு எச்டியின் நுணுக்கம் முழுசாகத் தெரிய, அந்த உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரம், அதாவது ஏழடிக்குள் உட்கார வேண்டும். 4கேயின் கடைசிப் புள்ளி வரை தெரிய வேண்டுமென்றால் மூன்றரை அடி. நம் அபார்ட்மென்ட் ஹாலில் சோபா ஒன்பது பத்தடி தள்ளித்தான் இருக்கும். அங்கிருந்து நல்ல எச்டிக்கும் 4கேக்கும் உள்ள புள்ளி வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தெரிவது எல்லாம் சுருக்குதல், அசைவு, வெளிச்சம் இவைதான்.

அன்று இரவு சித்தப்பா வீட்டில் நான் செய்தது கொஞ்சம்தான். பேக்கை எச்டிக்கு மாற்றினோம். டிவியில் 'விவிட்' என்றிருந்த படமுறையை மாற்றி, ஷார்ப்னஸை நன்றாகக் குறைத்தேன். அது ஏற்றிவைத்திருந்ததால் ஆட்டக்காரர்களைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்தேன். இருக்கிற கொஞ்சநஞ்சப் புல்லையும் அழுக்கு என்று நினைத்து அது துடைத்துக்கொண்டிருந்தது. அசைவை மென்மையாக்கும் மோஷன் வசதியையும் அணைத்ததும் பந்தின் வால் குறைந்தது. கடைசியாகப் பெட்டியின் அவுட்புட்டை 2160பியிலிருந்து 1080ஐக்கு இறக்கினேன். பெட்டியில் இருப்பது மலிவான சிப். பெரிதாக்கும் வேலையை அதனிடம் விடாமல் டிவியிடம் கொடுத்துப் பார்த்தோம். அந்த டிவியில் அது நன்றாகவே வேலை செய்தது. உங்கள் வீட்டில் இரண்டையும் போட்டுப் பார்த்து, எது கண்ணுக்குப் பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சித்தப்பா கடைக்கே போன் போட்டு, நான் எழுதிக் கொடுத்த ஒரே கேள்வியைக் கேட்டார்: "டிஷ்ஷுல எந்தச் சேனல் நம்பர்ல 4கே வருது, சொல்லுங்க." மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அது ஆப்லதான் சார் வரும், நெட் கனெக்‌ஷன் வேணும்" என்று பதில் வந்தது. வாங்கும் முன்பே எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஆப்பில் 4கே வரும் ஆட்டங்களுக்கு 25 மெகாபிட்டுக்குக் குறையாத பிராட்பேண்ட் வைத்துக்கொண்டால் படம் அருமையாக இருக்கும். ஒரே தொல்லை, அது டிஷ்ஷைவிடப் பல நொடிகள் தாமதமாக வரும். அடுத்த ஆட்டத்தைச் சித்தப்பா ஆப்பில் போட்டார். பந்தின் தையல்கூடத் தெரிந்தது. பௌலர் ஓடி வரத் தொடங்கும்போதே எதிர் வீட்டில் "ஓ..." என்று கத்தினார்கள். விக்கெட்டா, சிக்ஸரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு ஓவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ரிமோட்டை எடுத்து டிஷ்ஷுக்கே மாற்றிவிட்டார்.